மிக்சிங்குக்கு எது, பாட்டுக் கேட்க எது: ஸ்டுடியோ ஹெட்போன்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

இரண்டு ஹெட்போன்களைக் கையில் கொடுத்தால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். ஒன்றை மாட்டி அரை நிமிடம் கேட்பார்கள், கழற்றுவார்கள், அடுத்ததை மாட்டுவார்கள், "இதுலதான் பேஸ் நல்லா இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். அந்தத் தீர்ப்பில் பாதி, ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்ததால் வந்தது. மீதியில் பெரும்பகுதி, இயர்பேட் (காதைச் சூழும் மெத்தை) காதைச் சுற்றிச் சரியாக உட்காராததால் வந்தது. ஹெட்போனின் உண்மையான குணம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். 4-ஆம் படியைத் தாண்டிப் போனால் அதற்கு அப்புறம் எழுதும் எந்தக் குறிப்பும் உதவாது.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒப்பிடப் போகும் ஹெட்போன்கள் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஹெட்போன் ஜாக் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியோடு இணைக்கும் ஒலிக்கருவி) அல்லது ஒரு நல்ல டாங்கிள் (போனிலோ கணினியிலோ செருகி ஹெட்போனை இணைக்கும் சின்னக் கருவி). ரீப்பர் போல ஏதாவது ஒரு ரெக்கார்டிங் மென்பொருள். பிங்க் நாய்ஸ் (தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுவரை எல்லா ஒலிகளும் கலந்த இரைச்சல்) கோப்பு ஒன்று. பல மென்பொருள்களில் அதை உருவாக்கும் வசதி உள்ளேயே இருக்கும். டெசிபல் காட்டும் போன் ஆப், கெட்டி அட்டை ஒன்று, நோட்டு, பேனா.

மிக்சிங் என்பது தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சரியான அளவில் கலப்பது. அந்தச் சோதனைக்கு, குரல், பேஸ், தாளம் எல்லாம் தனித்தனி ட்ராக்காக இருக்கும் பாட்டு ஒன்று வேண்டும். சொந்தமாக இல்லையென்றால் கேம்பிரிட்ஜ் மியூசிக் டெக்னாலஜி தளத்தில் பயிற்சிக்கென்றே இலவச மல்டிட்ராக்குகள் நிறைய இருக்கின்றன.

அறை அமைதியாக இருக்க வேண்டும், ஃபேன் உட்பட. ஓபன் பேக் (பின்பக்கம் திறந்த) ஹெட்போன் வெளிச்சத்தத்தை அப்படியே உள்ளே விடும். ஃபேன் இரைச்சல் பாட்டின் மெல்லிய பகுதிகளை மூடிவிடும். க்ளோஸ்டு பேக்கில் (பின்பக்கம் மூடியதில்) அந்த இரைச்சல் குறைவு. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஒப்பிடுவது ஹெட்போனை அல்ல, ஃபேன் எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான். சென்னையில் மே மாதம் ஃபேனை நிறுத்தச் சொல்வது கொடுமைதான். விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

நோட்டில் இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். ஒன்றில் "மிக்சிங்", இன்னொன்றில் "கேட்பது". ஒரு பக்கத்துக் குறிப்பு அடுத்த பக்கத்துக்குப் போகக்கூடாது.

பாட்டுக் கேட்க எடுக்கும் ஹெட்போனிடம் கேட்க வேண்டியது, "இதை மாட்டிக்கொண்டு இன்னொரு பாட்டு கேட்கத் தோன்றுகிறதா?" என்பது. மிக்சிங் ஹெட்போனிடம் கேட்க வேண்டியது, "இதில் நான் எடுத்த முடிவு காரிலும் போன் ஸ்பீக்கரிலும் நிற்கிறதா?" என்பது. முதல் கேள்விக்குக் கேட்டுப் பார்த்தே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு வேலை செய்து பார்த்தால்தான் பதில் கிடைக்கும். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: கேட்க இனிமையாக இருந்ததை மிக்சிங்குக்கு வாங்குவார்கள், அல்லது கேட்கவே பிடிக்காததை "இதுதான் உண்மையான ஒலி" என்று நம்பி வாங்குவார்கள்.

பெட்டியில் "ஸ்டுடியோ" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். சோனி எம்டிஆர்-7506, ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ், பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஏகேஜி கே240, சென்ஹைசர் எச்டி 600 ஆகிய ஐந்தும் ஸ்டுடியோக்களில் புழங்குபவை. ஐந்தும் ஒரே பாட்டை ஐந்து விதமாகக் கொடுக்கும்.

2. முதலில் காதில் உட்கார வையுங்கள்

க்ளோஸ்டு பேக்கில் பேஸ் வருவது இயர்பேட் தலையோடு காற்றுப் புகாமல் ஒட்டுவதைப் பொறுத்தது. சின்ன இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும். கண்ணாடிக் கம்பி, பெரிய கம்மல், காதோரம் மடிந்த முடி, மூன்றும் இதைச் செய்யும்.

சோதிப்பது எளிது. பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு இரண்டு பக்கத்தையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று கூடினால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஆனால் வேலை செய்யும்போது கண்ணாடி போடுபவர் என்றால் கடைசி மதிப்பீட்டைக் கண்ணாடியோடுதான் செய்ய வேண்டும். கண்ணாடி போட்டதும் பேஸ் ஓடிவிடும் ஹெட்போன் உங்களுக்கு ஆகாது, மற்றவர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும்.

பழைய ஹெட்போனைப் புதியதோடு ஒப்பிடுகிறீர்களா? பழையதன் இயர்பேடைத் தொட்டுப் பாருங்கள். அமுங்கித் தட்டையாகியிருந்தால் காது டிரைவருக்கு (உள்ளே ஒலி எழுப்பும் பகுதிக்கு) நெருக்கமாகப் போயிருக்கும், ஒலி மாறியிருக்கும். புது பேட் போட்டுவிட்டு ஒப்பிடுவதுதான் நியாயம்.

3. ஒலி வரும் வழியைச் சுத்தம் செய்யுங்கள்

இரண்டு ஹெட்போன்களுக்கும் ஒரே கருவி, ஒரே ஜாக், ஒரே கோப்பு. கணினியிலும் போனிலும் இருக்கும் ஈக்வலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி, சுருக்கமாக ஈக்யூ), "சரவுண்ட்", "பேஸ் பூஸ்ட்", டால்பி அட்மோஸ் எல்லாவற்றையும் அணையுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று தானாகவே ஆனாகிக் கிடப்பது வழக்கம்.

அடுத்தது இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போன் மின்சாரத்துக்குக் கொடுக்கும் எதிர்ப்பு; அதன் அளவு ஓம். டிடி 990 ப்ரோவின் 250 ஓம் வகையைப் போனில் நேராகச் செருகினால் பல போன்களில் சத்தம் போதாது. உடனே "இதில் உயிரே இல்லை" என்பார்கள். உயிர் இல்லாதது ஆம்பில் (ஹெட்போனுக்கு ஒலியை வலுவாக்கித் தரும் பகுதியில்). 63 ஓம் உள்ள சோனி 7506-க்கோ 38 ஓம் உள்ள எம்50எக்ஸுக்கோ அந்தப் பிரச்சினை வராது.

ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸும் ஒலியை மாற்றும். ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதைவிட அதிகமாக இருந்தால் பேஸ் ஊதிப்போகலாம். எச்டி 600-ஐ 300 ஓம் என்று குறிப்பிட்டாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓம் வரை ஏறும்; அந்த இடத்தில் ஆம்ப் கூடுதல் வோல்டேஜைக் கொடுத்துவிடும். கேட்பவர் அதை ஹெட்போனின் குணம் என்று எழுதி வைப்பார்.

ஒரே ஜாக்கில் ஒய் கேபிள் போட்டு இரண்டையும் ஒன்றாகச் செருகாதீர்கள். ஒன்றின் சுமை மற்றதன் ஒலியைப் பாதிக்கும்.

4. சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

இந்தப் படிக்கு அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது "சத்தமாக" இருப்பதாக யாருக்கும் தோன்றாது. "தெளிவாக", "அகலமாக", "துடிப்பாக" இருப்பதாகத் தோன்றும். சத்தம் சமமாக இல்லாத ஒப்பீட்டில் எப்போதும் சத்தமானதுதான் ஜெயிக்கும்.

அட்டையில் போனின் மைக் அளவுக்குச் சின்ன ஓட்டை போடுங்கள். இரண்டு தடிமனான புத்தகங்களுக்கு நடுவே போனை மைக் மேலே பார்க்கும்படி நிறுத்தி, ஓட்டை மைக்குக்கு நேராக வரும்படி அட்டையை மேலே வையுங்கள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை ஓட்டை நடுவில் வருமாறு கவிழ்த்து லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு பிங்க் நாய்ஸை ஓடவிடுங்கள். ஆப் ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண் சரியான டெசிபலாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். இரண்டு ஹெட்போன்களுக்கும் ஒரே எண் வந்தால் போதும்.

நாய்ஸை அப்படியே போடாமல் 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை ஃபில்டரால் வெட்டிவிடுங்கள். அட்டையின் மேல் பேஸ் கசிவது ஒவ்வொரு ஹெட்போனுக்கும் வேறு மாதிரி. ட்ரெபிளோ (உயர்ந்த ஒலி) ஓட்டையிலிருந்து அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே மாறும். நடுப்பகுதிதான் ஓரளவு நிலையாக நிற்கும், மனிதக் குரலின் ஒரு முக்கியப் பகுதியும் அங்கேதான் இருக்கிறது.

வால்யூமைப் போன் பட்டனில் மாற்றாதீர்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட டெசிபல் தாவலாம். மென்பொருளின் மாஸ்டர் ஃபேடரில் (மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்கும் நகர்த்தியில்) அரை டெசிபல் அரை டெசிபலாக நகர்த்துங்கள். ஒரு ஹெட்போனை ஏ என்றும் மற்றதைப் பி என்றும் வைத்துக்கொண்டு இரண்டுக்குமான எண்களை நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள்: "ஏ: -6, பி: -11.5" என்பது போல. ஹெட்போனை மாற்றும்போதெல்லாம் ஃபேடரை அந்த எண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசியாகத் தெரிந்த குரல் ஒன்றைப் போட்டு இரண்டிலும் ஒரே அளவில் கேட்கிறதா என்று காதால் உறுதி செய்யுங்கள். காதும் அட்டையும் முரண்பட்டால் காது சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் எவ்வளவு இருக்கலாம்? அருகில் இருப்பவர் சாதாரணமாகப் பேசும் அளவு போதும். 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் எல்லை; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். இன்னொரு காரணமும் உண்டு. சத்தம் குறையும்போது நம் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் நடுப்பகுதியைவிட வேகமாகக் குறைகின்றன. ஒருநாள் மெதுவாகவும் அடுத்த நாள் சத்தமாகவும் கேட்டால் ஒரே ஹெட்போனே இரண்டாகத் தெரியும்.

5. பழுது இருக்கிறதா என்று பாருங்கள்

மோனோ (இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்) பிங்க் நாய்ஸ் தலைக்கு நடுவே ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். ஒதுக்கமும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனிலோ கருவியிலோ இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் நின்றால் அது உங்கள் காதின் வித்தியாசம். சில ஆம்ப்களில் வால்யூம் குமிழ் அடிமட்டத்தில் இருக்கும்போது மட்டும் இப்படி ஆகும். குமிழைக் கொஞ்சம் ஏற்றி, மென்பொருளில் குறைத்தால் சரியாகும்.

அப்புறம் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே ஏறும் ஸ்வீப் ஒலியை மெதுவான சத்தத்தில் ஓடவிடுங்கள். தாழ்ந்த பகுதியில் "ஜ்ர்ர்" என்று அதிர்ந்தால் டிரைவர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பல நேரம் உள்ளே விழுந்த ஒரு தலைமுடி, அதிரும் சவ்வான டயாஃப்ரமைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

6. பாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள்

நான்கு போதும். எல்லாமே உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். "ஆடியோஃபைல் டெஸ்ட் ட்ராக்" என்று வரும் பட்டியல்கள் வேண்டாம். முன்பின் கேட்காத பாட்டில் எது சரி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒன்று, வெறும் பேச்சு. தெரிந்தவர் பேசிய பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. குரல் மூக்கடைத்தது போல இருக்கிறதா, "ச" ஒலி குத்துகிறதா என்று உடனே பிடித்துவிடலாம். இரண்டு, வாய்ப்பாட்டுக் கச்சேரி. இது நம் கைவசம் உள்ள அருமையான சோதனைக் கருவி. மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத்தில்) கும்கி, அதாவது கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் ஒலி, வழுக்கும்போது பேஸ் ஒரே சீராக நகர வேண்டும். சில இடங்களில் மட்டும் வீங்கினால் அந்த ஹெட்போனில் மேடு இருக்கிறது. வலந்தலையில் (வலப்பக்கத்தில்) விழும் சாப்பு என்ற அடியின் கணீர் மேல்நடுப்பகுதியைக் காட்டும். தம்புராவின் ரீங்காரம் குரலுக்குப் பின்னால் தொடர்ந்து கேட்க வேண்டும். பாடகர் உரக்கப் பாடும்போது காணாமல் போய், நிறுத்தியதும் திரும்பி வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, வாத்தியங்கள் நெருக்கமாக நிறைந்த ஒரு சினிமாப் பாட்டு. நான்கு, நீங்களே மிக்ஸ் செய்து பல ஸ்பீக்கர்களில் கேட்ட ஏதாவது ஒன்று. அதன் குறைகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றை எந்த ஹெட்போன் காட்டிக்கொடுக்கிறது என்பதே பாதிப் பதில்.

7. மாற்றி மாற்றிக் கேளுங்கள்

ஒவ்வொரு பாட்டிலும் 20 நொடிப் பகுதி ஒன்றை மட்டும் சுழல விடுங்கள். ஏ, பி, மறுபடி ஏ என்று போங்கள். மூன்றாவது முறை திரும்பி வருவது அவசியம்: முதலில் கேட்டது எப்போதும் "சரியானது" போலவும் அடுத்தது "மாறியது" போலவும் தோன்றும். அடுத்த பாட்டுக்குப் பியில் தொடங்குங்கள்.

எழுதும்போது அடைமொழிகளைத் தவிருங்கள். "இதமான ஒலி" என்று எழுதினால் அடுத்த வாரம் உங்களுக்கே புரியாது. "பியில் குரல் ஓரடி பின்னால் போகிறது", "ஏயில் இரண்டாவது வரியின் 'ச' குத்துகிறது", "பியில் பேஸ் கிட்டாரின் ஸ்வரம் தெரியவில்லை, அதிர்வு மட்டும்" என்று எழுதுங்கள்.

ஒரு ஹெட்போனில் நெடுநேரம் இருந்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அது விநோதமாகத்தான் கேட்கும். காது பழையதற்குப் பழகிப்போனதன் விளைவு அது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். புது ஹெட்போனை 100 மணி நேரம் ஓடவிட்டால்தான் "திறக்கும்" என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் பழகுவது காதும் இயர்பேடும்தான்.

8. மிக்சிங் சோதனை: ஒரே வேலையை மூன்று முறை செய்யுங்கள்

இதுவரை செய்தது அறிமுகம். மிக்சிங் பக்கத்தை நிரப்புவது இந்தப் படிதான், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மல்டிட்ராக் பாட்டைத் திறந்து ஆறேழு ட்ராக்குகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: குரல், பேஸ், கிக் டிரம், தபலா அல்லது மிருதங்கம், கீபோர்டு, ஸ்ட்ரிங்ஸ். குரல் ஃபேடரைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு மற்றவற்றை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். குரல் அசையாமல் நின்றால்தான் மற்றவற்றின் எண்களை ஒப்பிட முடியும்.

ஃபேடர் எண்கள் தெரியும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைத் திரையில் ஒட்டி மறையுங்கள். எண் தெரிந்தால் கை தானாகப் பழைய இடத்துக்குப் போய் நிற்கும்.

ஏ ஹெட்போனை மாட்டி, காதை மட்டும் நம்பி ஒவ்வொரு ஃபேடரையும் ஏற்றுங்கள். குரலுக்கு ரிவெர்ப் (அறையில் எதிரொலிப்பது போன்ற ஒலி) அளவு, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ட்ரெபிள் கூட்டலா குறைத்தலா, இரண்டையும் முடிவு செய்யுங்கள். காகிதத்தை எடுத்து எண்களை எழுதி, கோப்பைத் தனிப் பெயரில் சேமியுங்கள். அடுத்த நாள் பி ஹெட்போனில் மறுபடி வெறும் ட்ராக்கிலிருந்து தொடங்குங்கள். அன்றே செய்தால் முந்தைய மிக்ஸ் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஒவ்வொன்றிலும் மூன்று முறை.

இப்போது எண்களைப் பாருங்கள். உதாரணமாக, ஏயில் பேஸ் ட்ராக் -8, -7.5, -8.5 என்று வந்திருக்கிறது. பியில் -5, -9, -6.5. ஸ்பீக்கரில் கேட்டால் ஏயில் செய்த மூன்று மிக்ஸிலும் பேஸ் சுமார் 2 டெசிபல் குறைவு. பியில் ஒன்று சரி, ஒன்று அதிகம், ஒன்று குறைவு.

பியின் சராசரி நன்றாக இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் மிக்சிங்குக்கு ஏதான் சரி. அதன் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. 2 டெசிபலைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஈக்யூவால் திருத்தலாம். பியில் பேஸ் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கேட்கிறது. சிதறலை எந்த ஈக்யூவும் திருத்தாது.

எதிர்பார்க்கக்கூடிய சாய்வுகள் சில. டிடி 990 ப்ரோ போல ட்ரெபிள் தூக்கலானதில் மிக்ஸ் செய்தால் குரலின் "ச" ஒலியை அளவுக்கு மீறி அடக்கிவிடுவோம்; வெளியே மிக்ஸ் மங்கலாகக் கேட்கும். எச்டி 600-இல் அடிமட்டப் பேஸ் குறைவு என்பதால் 40 ஹெர்ட்ஸ் பக்கம் கிக்கை ஏற்றிவிடத் தோன்றும். காரில் கதவு அதிரும். பேஸ் தூக்கலான க்ளோஸ்டு பேக்கில் இதற்கு நேர்மாறு.

ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் வரும், ஹெட்போனில் வராது. அதனால் எந்த ஹெட்போனிலும் பேனிங் (ஒலிகளை இடம் வலமாகப் பிரித்து வைப்பது) தேவைக்கு மேல் அகலமாகத் தெரியும், ரிவெர்ப் தேவைக்கு மேல் கேட்கும். இதை வைத்து ஒரு ஹெட்போனை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

சேமித்த மிக்ஸ்களைக் கார், போன் ஸ்பீக்கர், வீட்டு டிவி மூன்றிலும் போடுங்கள். கோப்புகளின் சத்தத்தை முதலில் சமன் செய்துவிடுங்கள், இல்லையென்றால் 4-ஆம் படியில் விரட்டிய பேய் இங்கே திரும்பி வரும்.

9. கேட்பதற்கான சோதனை

இது எளிது. நோட்டை மூடிவிட்டு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேளுங்கள், அடுத்த நாள் மற்றதில். இடையில் எத்தனை முறை கழற்றினீர்கள், காது வேர்த்ததா, உச்சந்தலை வலித்ததா, வால்யூமைக் குறைத்தீர்களா என்று மட்டும் பாருங்கள். ட்ரெபிள் தூக்கலான ஹெட்போன் முதல் ஐந்து நிமிடம் "எவ்வளவு துல்லியம்!" என்று தோன்றும். ஒரு மணி நேரத்தில் கை தானாக வால்யூமைக் குறைக்கப் போகும்.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி ஆகியோர் நடத்திய ஆய்வுகளில், நல்ல ஸ்பீக்கர் ஒரு அறையில் ஒலிப்பது போல, பேஸ் கொஞ்சம் உயர்ந்த ஒலியைத்தான் பெரும்பாலானோர் விரும்பினார்கள். ஆகவே பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருப்பது பிடித்தால் உங்கள் ரசனையில் குறை ஒன்றும் இல்லை. பஸ்ஸிலோ அலுவலகத்திலோ கேட்பவர் என்றால் ஓபன் பேக்கை மறந்துவிடுங்கள்; உங்கள் பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரரும் கேட்பார்.

10. ஈக்யூ கடைசியில்

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். ஆட்டோஈக்யூ என்ற திட்டத்தில் பல மாடல்களுக்கான அளவுகள் தயாராகக் கிடைக்கும். இதை முதலிலேயே போட்டுவிட்டால் எந்தப் பிழை ஹெட்போனுடையது, எது ஈக்யூவால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. 8-ஆம் படியில் தெரிந்த சாய்வை மட்டும் திருத்துங்கள். 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள குறுகிய மேடு பள்ளங்கள் ஆளுக்கு ஆள், காதின் வடிவத்தைப் பொறுத்து மாறுபவை; தயாராகக் கிடைக்கும் எண்களை அங்கே அப்படியே நம்ப வேண்டாம். எந்த இடத்தைக் கூட்டினாலும் அதே அளவு ப்ரீஆம்ப் எனும் மொத்த ஒலியளவைக் குறையுங்கள், இல்லையென்றால் ஒலி சிதையும்.

ஈக்யூ போட்ட பிறகு ஒலியளவு மாறியிருக்கும். 4-ஆம் படியை மறுபடி செய்து, 8-இல் பேஸ், குரல் ட்ரெபிள் இரண்டை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். இயர்பேட் மாற்றும்போதும் இதே வேலைதான். புது பேட் வேறு கம்பெனியுடையதாக இருந்தால் பழைய எண்களை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதுங்கள்.